ஒரு டிராக்டர், மூன்று பேட்டரி

பேட்டரிக் கடைக்கு வருகிற எவரும் இதுவரை "நான்தான் கெடுத்தேன்" என்று சொல்லிப் பேட்டரியை இறக்கியதில்லை. அது தானாகக் கெட்டிருக்கும். இல்லையென்றால் கம்பெனிக்காரன் ஏமாற்றியிருப்பான். அதுவும் இல்லையென்றால் நான். அவனியாபுரத்தில் பட்டறைகளுக்கு நடுவே பேட்டரி சார்ஜும் வண்டி வயரிங்கும் பார்க்கிற கடை என்னுடையது. அதே கடையில் ஒரு பக்கம் செல்ஃப் மோட்டார் வேலை பார்ப்பவர் சிக்கந்தர் பாய். வருகிற பழிகளில் பாதியை அவர் தலையில் தள்ளிவிடலாம் என்பதால்தான் எங்கள் கூட்டு இத்தனை காலம் நீடிக்கிறது.

பழைய டிராக்டரோடு மாரடிக்கிறவர்களுக்கு நான் சொல்வது சட்டென்று புரியும். புது வண்டியில் பேட்டரிக்கென்று மூடி போட்ட தனி இடம் உண்டு. பழசில் அது கிடையாது. வண்டியைச் செய்தவன் எல்லாவற்றையும் மாட்டி முடித்த பிறகு பேட்டரி ஞாபகம் வந்து, இன்ஜினை ஒட்டி ஒரு தகரத் தட்டை அடித்து அதன்மேல் உட்கார வைத்திருப்பான். பக்கத்தில் இன்ஜின் சூடு, மேலே மதுரை வெயில், கீழே வரப்பு ஏறி இறங்குகிற குலுக்கல். சூடு படாமல் மறைக்க வேண்டும், ஆடாமல் இறுக்க வேண்டும், முனைகளில் இரும்பு உரசாமல் உறை போட வேண்டும். அவ்வளவுதான் வித்தை. ஆனால் கீழக்குயில்குடிப் பக்கத்து அண்ணன் தம்பி இரண்டு பேர் என் கடைக்கு வர ஆரம்பித்த பிறகுதான், ஒரு பேட்டரியை இன்னும் யார் யாரிடமிருந்தெல்லாம் காப்பாற்ற வேண்டியிருக்கிறது என்பது எனக்கு விளங்கியது. அவர்கள் அடித்த கூத்தை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. அந்தக் கூத்துக்கு நடுவே ஒரு பெண்ணின் நிலம் கைவிட்டுப் போகப் பார்த்ததை நினைத்தால் சிரிப்பு பாதியில் நின்றுவிடுகிறது.

மீன் பெட்டி

அண்ணன் பெயர் பெரியகருப்பன். அவர் முதன்முதலில் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு வந்தபோது கூடவே ஒரு வாடையும் வந்தது. சிக்கந்தர் பாய் மூக்கை உறிஞ்சிவிட்டு, "சாளையா, சீலாவா?" என்று கேட்டார். "சீலாதான் பாய்" என்றார் வந்தவர், கொஞ்சம் பெருமையாகவே.

அப்பா வாங்கிய சிவப்பு டிராக்டர் அவர்கள் வீட்டில் இருக்கிறது. அண்ணனுக்கும் வண்டிக்கும் ஏறக்குறைய ஒரே வயது. இன்ஜின் சூடு பேட்டரியைத் தாக்குகிறது என்று யாரோ சொல்ல, மீன் கடையில் தெர்மாகோல் பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி, பேட்டரியை அதற்குள் வைத்து மூடி, சுற்றிலும் டேப் ஒட்டி, வயர் போக மட்டும் ஓட்டை விட்டிருக்கிறார். வெளிச் சூடு உள்ளே போகாது, வாஸ்தவம். சார்ஜ் ஏறும்போது பேட்டரியே சூடாகும், அந்தச் சூடும் ஆவியும் வெளியே போயாக வேண்டும் என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. உள்ளேயே வெந்து பேட்டரி இரண்டு பக்கமும் உப்பிவிட்டது. போதாததற்கு டீசல் பைப்பு கசிந்து தெர்மாகோல் மேல் சொட்டி, அது பலாப்பிசின் மாதிரி இளகி அடியில் ஒட்டிக்கொண்டது. ஊர்ப் பூனைகள் வாடைக்கு வந்து வயர்களைப் பிராண்டித் தீர்த்திருந்தன.

பெட்டி முழுக்க வேண்டாம், இன்ஜின் பக்கம் மட்டும் ஒரு தடுப்பு போதும், மற்ற பக்கம் காற்று ஓடட்டும் என்று பொறுமையாக விளக்கினேன். அவர் உப்பிய பேட்டரியைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அண்ணே, அந்தப் பெட்டியில தூத்துக்குடியில இருந்து மீனு கெடாம வந்துச்சு. எம் பேட்டரி வீட்டுல இருந்து வயக்காட்டுக்குப் போறதுக்குள்ள கெட்டுப்போச்சுன்னா, தப்பு பெட்டி மேலயா பேட்டரி மேலயா?"

ஜிகினா மாலை

அடுத்த பேட்டரியைக் கொண்டுவந்தவர் தம்பி தவமணி. இவர் அண்ணனைப் போல வாடையோடு வருகிறவர் இல்லை. கையில் போனோடு வருகிறவர். உலகத்தில் எந்த மூலையில் எவன் டிராக்டருக்குத் தண்ணீர் ஊற்றினாலும் அந்த வீடியோவை இவர் பார்த்திருப்பார். "எங்க அண்ணனுக்கு ஒன்னும் தெரியாதுண்ணே" என்று சொல்லிக்கொண்டேதான் படியேறினார். பார்த்தால் பேட்டரியின் தலை கருகியிருந்தது.

ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவிக் கோயில் வாசலில் நிறுத்தியிருக்கிறார்கள். அண்ணன் வாங்கிய பேட்டரிக்கு இன்ஜின் பக்கம் தகரத் தடுப்பெல்லாம் நான் சொன்னபடியே வைத்திருந்தார்கள். அதில் குறையில்லை. பிளஸ் முனைக்கு நான் கொடுத்தனுப்பிய ரப்பர் மூடியைத்தான் தவமணி கழற்றிவிட்டார். சாமிக்கு முன்னால் மூடிக்கொண்டு நிற்கலாமா என்பது அவர் வாதம். இரண்டு முனைகளுக்கும் கட்டியாகச் சந்தனம், அதன்மேல் குங்குமம், கடைசியாக அலுமினியத் தாளில் செய்த ஜிகினா மாலை ஒன்றை இரண்டு முனைகளையும் சேர்த்துச் சாற்றியிருக்கிறார். வீட்டில் மாட்டியிருக்கும் படத்துக்கு அதைச் சாற்றினால் ஒன்றும் ஆகாது. பேட்டரிக்குச் சாற்றினால், பிளஸ்ஸும் மைனஸும் வழி கிடைத்த சந்தோஷத்தில் கட்டிப்பிடித்துக்கொள்ளும். பொறி பறந்து, மாலை எரிந்து, வயர் உறை உருகிப் புகை குபுகுபுவென்று கிளம்பியிருக்கிறது.

"புகை வந்த உடனே வயரை உருவியிருக்கலாமே" என்றேன். தவமணி என்னை ஒரு நாத்திகனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "நானும் உருவத்தான்ணே போனேன். பூசாரி 'சாமி எறங்கிருச்சு, எவனும் கிட்ட வராதே'ன்னு சத்தம் போட்டாரு. அதுக்கப்புறம் போயி கழட்டுனா ஊருக்குள்ள இருக்க முடியுமா?"

பாகப் பிரிவினை

இப்போது பேட்டரி வாங்குவது யார் என்ற கேள்வி வந்தது. அண்ணனும் தம்பியும் சேர்ந்தே கடைக்கு வந்தார்கள். சேர்ந்து வந்தார்களே ஒழிய ஒரே பக்கம் பார்த்து உட்காரவில்லை. முதல் பேட்டரியை அண்ணன் மீன் பெட்டியில் கொன்றார், இரண்டாவதைத் தம்பி மாலை போட்டுக் கொன்றார், ஆகவே கணக்கு நேர் என்று நான் நினைத்தேன். அவர்கள் அப்படி நினைக்கவில்லை.

அவர்கள் வீட்டு வழக்கத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். கிணற்றுக்கு எப்படி முறை வைத்துத் தண்ணீர் இறைக்கிறார்களோ, அப்படியே டிராக்டருக்கும் முறை. வீட்டுக்கு ஒரு வாரம். வாரம் முடிந்ததும் அடுத்த வீட்டுக்காரர் வந்து ஓட்டிக்கொண்டு போவார். அந்த வழக்கத்தை இப்போது மேலும் செம்மைப்படுத்தினார்கள். வண்டி பொது, பேட்டரி தனித்தனி. ஆளுக்கு ஒன்று வாங்கிக்கொள்வது, தன் முறைக்கு மாட்டுவது, முறை முடிந்ததும் கழற்றி வீட்டுக்குத் தூக்கிப்போவது. எனக்கு ஒரே மூச்சில் இரண்டு பேட்டரி விற்றது. சிக்கந்தர் பாய் என் காதருகே வந்து, "நல்லவேளை மாப்ள, ஸ்டீயரிங்கைப் பிரிக்கணும்னு இவங்களுக்குத் தோணல" என்றார்.

வியாபாரம் ஆன சந்தோஷத்தில்கூட எனக்கு ஒரு கணக்கு இடித்தது. முறை மூன்று வீட்டுக்கு. நடுவில் ஒரு சகோதரர் இருந்தார், இறந்துவிட்டார். அவருடைய மனைவி முத்துலட்சுமிதான் அந்தப் பங்கு நிலத்தில் பாடுபடுகிறார். புருஷன் இருக்கும்போதே டிராக்டர் ஓட்டக் கற்றுக்கொண்டவர். ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, அவருக்கும் முறை உண்டு என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். அவருடைய வயல் தவமணி வயலுக்கு ஒட்டினாற்போல இருக்கிறது. அவரால் உழ முடியாமல் போனால் அதைக் குத்தகைக்கு விட்டுத்தான் ஆக வேண்டும், குத்தகைக்கு எடுக்கிறவன் நான்தான் என்று தவமணி டீக்கடையில் சொல்லி வருவது எங்கள் கடைவரை வந்திருந்தது. "அப்ப நடு வீட்டு முறைக்குப் பேட்டரி?" என்று கேட்டேன். பெரியகருப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "முறைன்னா வண்டிதானண்ணே. வண்டியை அதுக வாசல்ல விட்டுட்டுத்தான போறோம். பேட்டரி எல்லாம் அவுக அவுக சொந்தச் சாமான்."

சங்கிலி

சொந்தச் சாமான் என்று ஆகிவிட்டால் களவு பயமும் சேர்ந்து வந்துவிடும். பெரியகருப்பன் தன் முறையின்போது வண்டியை வயலில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போக வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் பேட்டரியை யாராவது தூக்கிவிட்டால்? யாராவது என்று அவர் சொன்னது ஒரே ஒருவரைத்தான் என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

எருமை கட்டுகிற இரும்புச் சங்கிலியை எடுத்துப் பேட்டரியைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி, மேலே ஒரு பூட்டையும் போட்டார். நின்ற வண்டியில் சங்கிலி ஒழுங்காகத்தான் இருந்தது. உழவில் இறங்கி இரண்டு குலுக்கல் குலுக்கியதும் ரப்பர் மூடி நழுவி, சங்கிலி நகர்ந்து, ஒரு கண்ணி பிளஸ் முனையிலும் இன்னொரு கண்ணி வண்டி உடம்பிலும் போய் உட்கார்ந்துவிட்டது. தீபாவளிக்கு விட்டுப்போன வெடியெல்லாம் அன்றைக்கு வெடித்தது. சங்கிலி முனையோடு பற்றவைத்ததுபோல ஒட்டிக்கொண்டது. சாவியை எடுத்துத் திறக்கப் போனால் பூட்டைத் தொட முடியவில்லை, அவ்வளவு சூடு. கடைசியில் மண்வெட்டிக் காம்பால் தட்டி வண்டி உடம்பிலிருந்து மட்டும் விடுவித்திருக்கிறார்.

அப்படியே சங்கிலியும் பூட்டுமாகக் கடைக்குக் கொண்டுவந்தார். நாங்கள் ரம்பம் போட்டு அறுத்து, முனையைச் சீர்படுத்தி, ஒரு மரச் சட்டமும் இரண்டு போல்ட்டும் கொடுத்து, "இறுக்கிப் பிடிக்கிறதுக்கு இது போதும், இரும்பை மட்டும் மேலே போடாதீங்க" என்றோம். பேட்டரிக்குள் இருக்கிற ஆறு அறைகளில் ஒன்று பலவீனமாகிவிட்டது, இனி இது பழைய வேகத்தில் இழுக்காது என்பதையும் சொன்னேன். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டார். முகத்தில் வருத்தமே இல்லை. "அதெல்லாம் கெடக்குதுண்ணே. ஆனா களவு போகலைல்ல?"

ஷேர் ஆட்டோவில் ஒரு சீட்டு

அந்த வருஷம் மழை ஏமாற்றியது. கண்மாயில் தண்ணீர் இல்லை, அதற்குமேல் உழவும் இல்லை. அதனால் முத்துலட்சுமியின் பாடு யாருக்கும் உறைக்கவில்லை. வைக்கோல் ஏற்ற, எரு அடிக்க வண்டி வேண்டியிருந்தபோது, அவர் அதை மலை அடிவாரத்துச் சரிவில் நிறுத்தி, உருட்டிவிட்டு, கியரைப் போட்டுக் கிளப்பிக்கொண்டிருந்தார். டீசல் இன்ஜின், ஒருமுறை கிளம்பிவிட்டால் பேட்டரி இல்லாமலும் ஓடும். இது தெரிந்ததும் தவமணி தூபம் போட, பெரியகருப்பன் தன் முறை முடிகிற அன்று வண்டியைச் சமதரையில், வைக்கோல் படப்பில் மூக்கு இடிக்கிற மாதிரி நிறுத்திவிட்டுப் பேட்டரியோடு போக ஆரம்பித்தார். முன்னாலும் உருட்ட முடியாது, பின்னால் தள்ள நான்கு ஆள் வேண்டும். முறைப்படி வண்டியை ஒப்படைத்தாயிற்று, குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

ஆடி கழிந்து ஒருநாள் முத்துலட்சுமி கடைக்கு வந்தார். சோழவந்தானில் பிறந்தவர்; அவர் அண்ணன்மாருக்கு அங்கே வெற்றிலைக் கொடிக்கால். இந்த முறை கண்மாய் பெருகும் என்று ஊரே சொல்கிறது, தண்ணீர் விடும்போது என் கையில் பேட்டரி இருக்க வேண்டும் என்றார். சுற்றி வளைத்துப் பேசவில்லை, புலம்பவும் இல்லை. நான் புதுப் பேட்டரியோடு, அடியில் விரிக்க லாரி டியூபில் ஒரு துண்டு, இன்ஜின் பக்கம் நிறுத்த இடைவெளி விட்ட தகரம், பிடிப்புக்கு மரச் சட்டம், முனைகளுக்கு வாசலின், ரப்பர் மூடி எல்லாம் எடுத்துவைத்து என் வழக்கமான பிரசங்கத்தை ஆரம்பித்தேன். முழுக்க மூடக் கூடாது, திறந்தும் போடக் கூடாது, சும்மா கிடந்தாலும் செத்துவிடும், ஓடாத வாரங்களில் சார்ஜுக்குக் கொண்டுவாருங்கள் என்று. மற்றவர்களுக்கு அரை மணி நேரம் ஆகிற பிரசங்கம் இவரிடம் பாதியிலேயே முடிந்துபோனது.

பேட்டரியை ஷேர் ஆட்டோவில் ஏற்றும்போது, ஆட்டோக்காரர் அதைக் காலடியில் வைக்கச் சொன்னார். ஆசிட் சிந்தினால் என் வேட்டி போச்சு என்று பக்கத்தில் இருந்தவர் கத்தினார். முத்துலட்சுமி பேட்டரிக்கும் ஒரு ஆள் காசு கொடுத்து, சீட்டில் உட்கார வைத்து, தோளில் கை போட்டுப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு தன் முறை முடிகிற ஒவ்வொரு தடவையும் இதே ஊர்வலம்தான். அந்த லைனில் ஓடுகிற ஆட்டோக்காரர்கள் எல்லாருக்கும் அந்தப் பேட்டரி தெரிந்த முகம் ஆகிவிட்டது. முதல்நாள் ஆட்டோ கிளம்புகிற நேரத்தில் அவர் வெளியே தலை நீட்டிச் சொன்னார்: "வெத்தலைக் கட்டு மாதிரின்னு ஒரே வார்த்தையில சொல்லியிருக்கலாம்ல அண்ணே, நெழலும் வேணும் காத்தும் வேணும்னு. இதுக்கா எங்க வீட்டு ஆம்பளைக மீன் பெட்டியும் சங்கிலியும் தேடி அலைஞ்சாக?"

பனிநாட்டுப் போர்வை

தவமணியின் பேட்டரிக்கு என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்கலாம். அவர் அதை ராஜகுமாரன் மாதிரி வளர்த்தார். ஒருநாள் கடைப் பக்கம் வந்து போனை நீட்டினார். ஏதோ ஒரு பனி பெய்கிற நாட்டில் கிழட்டு டிராக்டர் ஒன்றை வைத்திருக்கும் வெள்ளைக்காரர், பேட்டரியைக் கழற்றிக் கம்பளியில் சுற்றி வீட்டுக்குள் வைக்கிறார். வெளியே முழங்கால் அளவு பனி. "பாத்தீங்களாண்ணே, எப்படிப் பாதுகாக்குறான்னு?" என்றார் தவமணி. அதைப் பார்த்து இவரும் ரெட்டைக் கம்பளி வாங்கிப் பேட்டரியைச் சுற்றி, தகரக் கூரைக்கு ஒட்டின பரணில் ஏற்றிவைத்திருக்கிறார். சித்திரை, வைகாசி, ஆனி, எல்லா மாதமும் அங்கேதான். மழை இல்லாத வருஷம், வண்டிக்கு வேலை இல்லை. கொஞ்சநஞ்ச வேலைக்கும் வண்டியை எடுத்தால், மாட்டின பேட்டரி அண்ணனுக்கும் மதினிக்கும் வசதியாகப் போய்விடும் என்று எடுக்கவில்லை.

அந்தப் பரணில் மத்தியானம் அப்பளம் வைத்தால் பொரிந்துவிடும். "அவருக்குக் குளிருக்குப் பயம், நமக்கு எதுக்குங்க கம்பளி? கீழே எடுத்து நிழல்ல வைங்க, மாசம் ஒருவாட்டியாவது சார்ஜ் போடுங்க. போடலைன்னா உள்ளே பிளேட்டு வெள்ளை பூத்துப் போயிரும்" என்று சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன். சிக்கந்தர் பாயும் தன் பங்குக்கு ஒருதடவை சொன்னார்.

தவமணி என் தோளைத் தட்டினார். சார்ஜ் காசுக்காக நான் போடுகிற தூண்டில் அது என்று அவர் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார். "எனக்கேவாண்ணே? குதிருல போட்ட நெல்லு அள்ளுனாத்தான கொறையும்? நான்தான் கையே வைக்கலையே, அது எப்படிக் கெடும்?"

மடை திறந்த வாரம்

ஐப்பசியில் கண்மாய் பெருகியது. மடை திறந்தது முத்துலட்சுமியின் முறையில். அவர் சமதரையில் நின்ற வண்டியில் பேட்டரியை மாட்டி, சாவியைத் திருப்பியதும் கிளம்பிவிட்டது. அந்த வாரம் முழுக்க அவர் வயல் சேற்றில்தான் வண்டி நின்றது, நடந்தது. முதல் உழவு, சேற்றைக் குழப்புகிற தொழி உழவு எல்லாம் முடித்து நாற்றுக்குத் தயார். அவர் நிலம் தப்பித்தது. இந்தச் செய்தி வந்தபோது பாய் எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். அவர் அதைச் செய்வது அபூர்வம்.

முறை மாறுகிற அன்று காலையில் தவமணி கம்பளியோடு வந்து இறங்கினார். பின்னாலேயே பெரியகருப்பனும் தன்னுடையதைத் தூக்கிக்கொண்டு வந்தார். இரண்டையும் சோதித்துப் பார்த்த பாய் காதில் இருந்த பென்சிலை எடுத்தார், மறுபடி சொருகினார். "ரெண்டும் மௌத்து." கம்பளிக்குள் இருந்தது பிளேட்டு முழுக்க வெள்ளை பூத்துக் கிடந்தது. சங்கிலி போட்டதில் ஒரு அறை சுத்தமாகப் போயிருந்தது. புதுசு எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அண்ணன் தம்பியைப் பார்த்தார், தம்பி அண்ணனைப் பார்த்தார். அடுத்த முறை தம்பியுடையது, அவர்தானே வாங்க வேண்டும் என்றார் அண்ணன். வாங்கி ஒருநாள்கூட ஓட்டாத பேட்டரிக்கு மறுபடி எவன் செலவழிப்பான் என்றார் தம்பி. தண்ணீரோ யாருக்கும் காத்திருக்காமல் வயலில் ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று தவமணியின் முகம் தெளிந்தது. "வண்டியிலதான் ஒன்னு நல்லாக் கெடக்கே. மதினிகிட்ட கேட்டாத் தரமாட்டாகளா?" என்றார். வெட்கம் என்கிற சாமானை மட்டும் அந்த வீட்டில் யாரும் பாதுகாத்து வைக்கவில்லை.

பேட்டரியைப் பார்க்க வேண்டும் என்று சாக்குச் சொல்லி நானும் பாயும் கூடவே போனோம். முத்துலட்சுமி முழங்கால் சேற்றோடு வண்டியிலிருந்து இறங்கினார். "வாங்க கொழுந்தனாரே, இன்னையில இருந்து உங்க முறை" என்று சாவியைக் கொடுத்தார். பிறகு ஸ்பேனரை எடுத்து மரச் சட்டத்தின் போல்ட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்த ஆரம்பித்தார். அந்த வீட்டு வழக்கம் எதுவோ அதையே, அதே நிதானத்தில் செய்தார். தவமணி, "அது அங்கயே கெடக்கட்டும் மதினி" என்றார். முத்துலட்சுமி கேட்காததுபோல அடுத்த போல்ட்டுக்குப் போனார். "இந்த ஒரு முறைக்கு மட்டும் மதினி. தண்ணி வடிஞ்சுருச்சுன்னா எம் பொழப்பு போயிரும்." இதைச் சொல்லும்போது அவர் குரலில் போன் இல்லை, வீடியோ இல்லை, பயம் மட்டும் இருந்தது. போன வருஷமெல்லாம் அந்த அம்மா வயிற்றில் கிடந்த அதே பயம். பெரியகருப்பன் வரப்பில் நின்று கண்மாயைப் பார்த்துக்கொண்டிருந்தார், கண்மாய் அப்போதுதான் புதிதாக முளைத்ததுபோல.

முத்துலட்சுமி ஸ்பேனரை நிறுத்தினார். கழற்றின போல்ட்டுகளை மறுபடி மாட்டி, முன்னைவிட இறுக்கமாக முறுக்கினார். கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, தவமணியைப் பார்க்காமல் எங்கள் இருவரையும் பார்த்துச் சொன்னார்: "இருக்கட்டும்ணே, பேட்டரி இனிமே வண்டியோடதான், மூணு வீட்டுக்கும் பொதுதான். ஆனா எந்த வீட்டு ஆளு அதுல ஸ்பேனரை வச்சாலும் அந்த நிமிசத்துல இருந்து எம் முறை ஆரம்பம், நீங்களும் பாயும் சாட்சி."

அதற்குப் பிறகு அந்த வண்டிக்கு நான் ஒரு பேட்டரிகூட விற்கவில்லை. ஒரு குடும்பத்துக்குப் புத்தி வந்தால் முதலில் அடிபடுவது என்னைப் போன்றவர்களின் வியாபாரம்தான்.